கரி உலை: கல்லை ஒட்டாதீர்கள், அடுக்குங்கள்

வீட்டுக் கொல்லையில் கொல்லுலை போட நினைக்கிறவர்கள் முதலில் வாங்கி வைப்பது சிமெண்ட் மூட்டை. அது வேண்டாம். சாதாரண சிமெண்ட் 500 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே தன்னுள் பிணைந்திருக்கும் நீரை இழந்து வலு குன்றிவிடும். இரும்பு பழுக்கும் இடத்தின் சூடோ 1,000 டிகிரிக்கு மேல். பூச்சு விரிசல் விட்டு, கரியோடு கலந்து உதிரும். உலைக்கல் தேய்ந்து போகிற பொருள். ஒன்று பிளந்தால் அதை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருக முடியவேண்டும். ஆகவே ஒட்டாமல் அடுக்குவதே சரியான முறை.

கல் என்றால் வீடு கட்டும் செங்கல் அல்ல. அது தீ நேரடியாகப் படும் இடத்தில் சீக்கிரமே வெடிக்கும், மேல்தோல் உருகிக் கண்ணாடிபோல் வழியும். கடையில் ‘ஃபயர் பிரிக்’ என்று கேளுங்கள். 230×115×75 மி.மீ. அளவில், கையில் எடுத்தால் கனமாக இருப்பதே நமக்கு வேண்டியது. பஞ்சுபோல எடையற்ற இன்சுலேஷன் கல் கேஸ் உலைக்கு நல்லது; கரி உலையில் கம்பியால் கிளறும்போதே நொறுங்கிவிடும்.

மொத்தம் 16 கல், உபரியாக இரண்டு. ஆங்கிள் இரும்பில், உள்ளளவு 466×351 மி.மீ. வருமாறு ஒரு சட்டம், அடியில் 3 மி.மீ. தகடு, அதன்மேல் ஓர் அங்குலம் சலித்த மணல். மணலின் வேலை கல்லைச் சமமாக உட்காரவைப்பது, தகட்டைச் சூட்டிலிருந்து காப்பது. ஆறு கல்லைப் படுக்கவைத்தால் 460×345 தளம் ஆகும். மிஞ்சும் 6 மி.மீ. இடைவெளியை இறுக்கி அடைக்காதீர்கள். சூட்டில் கல்வரிசை இரண்டு மூன்று மி.மீ. நீளும், நீள இடமில்லையென்றால் மூலைகள் பெயரும்.

தளத்தின் நீளவாட்டு இருபக்கமும் இரண்டிரண்டு கல், இரண்டு வரிசை: மொத்தம் எட்டு. நடுவே 115 மி.மீ. அகலமும் 150 மி.மீ. ஆழமும் உள்ள பள்ளம் கிடைக்கும். மீதி இரண்டு கல்லைப் பள்ளத்தின் இரு முனையிலும் செங்குத்தாக நிறுத்துங்கள். இவை நகரும் கல். கத்தி, உளி போன்ற சிறு வேலைக்கு உள்ளே தள்ளி நெருப்பை 200 மி.மீ. நீளத்துக்குச் சுருக்கலாம், கரி மிச்சமாகும். நீளக் கம்பி என்றால் ஒரு கல்லைப் படுக்கவைத்து அதன்மேல் கம்பியை நுழைக்கலாம்.

புளோயர் (காற்று ஊதும் கருவி) தரும் காற்று பக்கவாட்டில் வரவேண்டும். ஒரு பக்கத்தின் கீழ்வரிசையில் ஒரு கல்லை 190 மி.மீ. நீளத்துக்கு வெட்டினால் 40 மி.மீ. வழி கிடைக்கும். வைர டிஸ்க்கால் சுற்றிலும் கீறி, உளியால் தட்டினால் நேராக உடையும். கல்லை நனைத்து, முகமூடி போட்டுத்தான் வெட்டவேண்டும். அந்தத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். அந்த வழியில் ஓர் அங்குல எம்.எஸ். பைப் (பூச்சில்லாத சாதா இரும்புக் குழாய்). ஜி.ஐ. பைப் கூடவே கூடாது: அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் ஆவியாகும், அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பைப்புக்கு அடியில் 20 மி.மீ. களிமண் மெத்தை கொடுத்து உயர்த்தினால் சாம்பல் வாயை அடைக்காது. பைப்பின் முனை கல்லின் உள்முகத்தோடு நிற்கட்டும், நெருப்புக்குள் நீண்டால் கரைந்துபோகும்.

முதல்நாள் பெருநெருப்பு மூட்டாதீர்கள். ஈரம் குடித்த கல் திடீர்ச் சூட்டில் பிளக்கும். ஒரு மணி நேரம் விறகுச் சுள்ளியில் மெல்லச் சூடேற்றி, பிறகுதான் கரி.

கரிக்கு நம் ஊர்ச் சீமைக்கருவேலங்கரியே போதும். நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து நீக்குங்கள். தூள் காற்றை அடைக்கும். பள்ளம் நிரம்பி மேலே குவியவேண்டும். இரும்பு இருக்கவேண்டிய இடம் பைப் வாய்க்கு 60 முதல் 80 மி.மீ. மேலே, அதற்கும் மேலே கரி மூடியிருக்கும்படி. வாய்க்கு நேர் எதிரே வைத்தால் எரியாத காற்று பட்டுச் செதில் செதிலாக உரியும். பலர் உலையில் சூடு போதவில்லை என்று காற்றைக் கூட்டுவார்கள், ஆனால் பெரும்பாலும் குறைவது கரியின் ஆழம்தான். மரக்கரிக்கு மிகக் கொஞ்சம் காற்று போதும். பைப்பில் ‘T’ வடிவ இணைப்பு ஒன்று வைத்து மிகுதிக் காற்றை வெளியே விட வழி செய்யுங்கள். இரும்பிலிருந்து வெள்ளைப் பொறி சிதறினால் இரும்பே எரிகிறது என்று பொருள், அந்த இடம் இனி தேறாது.

இரும்போடு இரும்பைச் சூட்டில் ஒட்டவைக்க (வெல்டிங்) வெங்காரம் (போராக்ஸ்) தூவுகிறவர்கள் தளத்தில் ஓர் அங்குலச் சாம்பலை விட்டுவைக்கவேண்டும். உருகிய வெங்காரம் கல்லைத் தின்னும்.

உலையைத் திறந்த வெளியில் வையுங்கள். கூரை இருந்தாலும் சுவர் வேண்டாம், கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றினால் அத்தனை கல்லும் ஒரே நாளில் போகும். எரியும் கரியை இடுக்கியால் எடுத்து இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் போட்டால் அணைந்து மறுநாளைக்கும் ஆகும். புளோயரை நிறுத்தியதும் பைப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். எரியாத வாயு பின்னோக்கி வந்து தேங்கினால் மறுபடி காற்று விடும்போது பைப்புக்குள்ளேயே டப்பென்று வெடிக்கும்.