‘செலுத்து’ பட்டன் ஏன் கண்ணில் படவில்லை?

மின்கட்டணம் கட்டும் ஒரு மொபைல் திரையைத் தமிழில் சீரமைக்கும் வேலை. புகார் ஒன்றுதான்: ‘செலுத்து’ பட்டன் தெரியவில்லை. அதைப் பெரிதாக்கிச் சிவப்படிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். செய்து பார்த்தால் திரையில் இரைச்சல்தான் கூடியது. கோளாறு பட்டனில் இல்லை, அதன் அக்கம்பக்கத்தில் இருந்தது: செலுத்து, பில் பார், ரசீது, ரத்து என நான்கு பட்டன்கள், நான்கும் ஒரே நீலம், ஒரே அளவு.

‘செலுத்து’ மட்டும் நிறம் நிரம்பியதாக நின்றது. ‘பில் பார்’ கோட்டுச் சட்டமானது, ‘ரத்து’ வெறும் எழுத்தானது. ரசீதைப் பணம் கட்டிய பிறகு வரும் திரைக்கு அனுப்பினோம். கட்டாத பணத்துக்கு ரசீது எதற்கு? பிறகு ஸ்கிரீன்ஷாட்டை மங்கலாக்கியும், கறுப்பு வெள்ளையாக்கியும் பார்த்தோம். இரண்டிலும் ஒரு பட்டன் மட்டும் தனித்துத் தெரிந்தால் போதும்.

கோட்டுச் சட்டத்துக்கு மெல்லிய சாம்பல் நிறம் அழகுதான். வெயிலில் காணாமல் போகும். இணையமும் செயலிகளும் எல்லோருக்கும் பயன்பட வகுத்த டபிள்யூசிஏஜி (WCAG) 2.1 விதிப்படி எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1, பட்டனை அடையாளம் காட்டும் கோட்டுக்கு 3:1 என்ற அளவில் வெளிச்ச வேறுபாடு வேண்டும். வெள்ளையின் மேல் 999999 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் 2.85 தான் தருகிறது, கோட்டுக்கே போதாது. 767676 என்றால் 4.54; எழுத்துக்கும் தாங்கும்.

அதிகம் படுத்தியது தமிழ் எழுத்து. ‘சமர்ப்பிக்கவும்’ என்று எழுதினால், 360 அலகு (dp, ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் அலகு; இனி வரும் அளவுகளும் அதுவே) அகலத் திரையில் பக்கத்துக்குப் பக்கம் வைத்த இரண்டு பட்டன்களில் வார்த்தை நடுவில் உடைகிறது. ஓரங்களுக்கு 32, இடைவெளிக்கு 8 போக ஆளுக்கு 160. உள்ளே இருபக்கமும் 16 விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 128. எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். பட்டன்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, வாசகத்தை ‘செலுத்து’ என்று சுருக்குங்கள். இன்னொன்று: உயரத்தை 40 என்று பூட்டியிருந்ததால், போனில் எழுத்தளவைக் கூட்டியவர்களுக்கு ‘கீ’யின் மேல்சுழியும் ‘கூ’வின் கீழ்ச்சுழியும் வெட்டுப்பட்டன. ‘குறைந்தது 48’ என்று வைத்து, வரி உயரத்தை எழுத்தளவைப்போல் 1.5 மடங்காக்கியதும் சரியானது.

ஐகான்கள் 24 அளவிலேயே இருக்கட்டும். நான்கு பக்கமும் 12 சேர்த்தால் தொடும் பரப்பு 48 ஆகிவிடும், பார்வைக்கு நெரிசல் இல்லை. ஆனால் பக்கத்து ஐகானின் பரப்போடு அது ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் தவறான பட்டன் அழுந்தும். ஐகானுக்கு அடியில் பெயரும் வேண்டும். கடிகாரப் படம் ‘பழைய பில்கள்’ என்று யாருக்குத் தெரியும்?

மின் இணைப்பு எண்ணை நிரப்பும்வரை ‘செலுத்து’ மங்கிக் கிடந்ததையும் எடுத்துவிட்டோம். மங்கிய பட்டனை அழுத்துபவருக்கு என்ன குறை என்று அது சொல்வதில்லை. இப்போது எப்போதும் அழுத்தலாம். எண் விடுபட்டால் அந்தப் பெட்டிக்கு அடியிலேயே ‘இணைப்பு எண்ணை நிரப்பவும்’ என்று ஒரு குறியோடு வரும். சிவப்பு நிறத்தை மட்டும் நம்பினால் நிறக்குருடு உள்ளவருக்குப் புரியாது.

கடைசியாகச் சிக்கியது விசைப்பலகை. எண்ணைத் தட்டத் தொடங்கியதும் அது மேலேறி, திரையின் அடியில் ஒட்டியிருந்த பட்டனை மூடிவிட்டது. பட்டன் விசைப்பலகையோடு சேர்ந்து மேலே வருகிறதா என்று கையில் உள்ள மிகச் சின்னத் திரையில் பாருங்கள். கணினித் திரையில் சோதித்தால் இது தெரியவே தெரியாது.