வலது பின் டயர் கட்டிங்: மூன்றாவது செட்டில் கொப்புளம் நின்றது

மண் டிராக்கில் ஓடும் பந்தயக் காரின் வலது பின் டயரில், நடு வரிசை பட்டன்கள் (தரையில் படும் ரப்பர்க் கட்டிகள்) இந்த முறை ஒரு கொப்புளம்கூட இல்லாமல் முழு ஓட்டத்தையும் முடித்திருக்கின்றன. காற்று, ஸ்பிரிங், ரப்பர் ரகம் எதுவும் மாறவில்லை. கட்டிங், அதாவது பட்டன்களில் போடும் வெட்டு, மட்டும்தான் மாறியது.

முதல் செட்டில் ஒவ்வொரு பட்டனிலும் 6 மி.மீ. அகலக் குரூவ் (பள்ளம்) ஒன்று, 6 மி.மீ. இடைவெளியில் சைப் (கீறல் போன்ற மெல்லிய வெட்டு). சைப்பின் ஆழமும் குரூவின் ஆழமே. காய்ந்து வழுக்கும் டிராக்கில் இரண்டாவது சுற்றிலேயே பிடிப்பு வந்துவிட்டது. பாதி ஓட்டத்தில் அதே வேகத்தில் போயும் விட்டது. கழற்றிப் பார்த்தால் நடு வரிசை பளபளவென்று நீலம் பூத்து, ஊசித் துளைகளாகப் பொரிந்திருந்தது. இரண்டாவது செட்டில் சைப்பே போடாமல் குரூவை 9 மி.மீ. ஆக்கியதும் சூடு அடங்கியது. ஆனால் டயர் கடைசி வரை பதத்துக்கு வரவில்லை. வளைவை விட்டு வெளியே வரும்போதெல்லாம் சக்கரம் சும்மா சுழன்றது.

குரூவ், சைப் இரண்டையும் ஒரே கணக்கில் வைத்ததுதான் கோளாறு. பட்டன் தரையில் பட்டு வளைந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் ரப்பருக்குள் கொஞ்சம் சக்தி சூடாக மாறுகிறது. பட்டனைச் சின்னதாக்கினால் வளைவு கூடும், சூடும் கூடும். அகலமான குரூவில் காற்று புகுந்து அந்தச் சூட்டில் ஒரு பங்கை எடுத்துப் போகும். சைப்பில் அதற்கு இடமே இல்லை. அது சூட்டை உண்டாக்கும், வெளியேற்றாது. டிராக் குளிர்ந்து வழுக்கும்போது நமக்கு வேண்டியதும் அதுதான், ஆனால் அளவோடு.

அந்த அளவு பெரும்பாலும் ஆழத்தில் இருக்கிறது. ஒரு துண்டு ரப்பரின் உயரம் இரட்டிப்பானால் அது ஏறக்குறைய எட்டு மடங்கு எளிதாக வளையும். 3 மி.மீ. ஆழச் சைப்பை 6 ஆக்குவது ‘இன்னும் கொஞ்சம் வெட்டுவது’ அல்ல, வேறு டயர் செய்வது. ஆழம் குறைந்த சைப் என்றால் பக்கத்துத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தாங்கிக்கொள்ளும். ஆழம் கூடக்கூட அடியில் உரசல் அதிகமாகி, ரப்பர் சூட்டை எளிதில் கடத்தாததால் அது அங்கேயே தங்கும். கொப்புளம் உள்ளிருந்து கிளம்புவது அதனால்தான்.

மூன்றாவது செட்: நடு வரிசையில் பட்டனுக்கு ஒரு 6 மி.மீ. குறுக்குக் குரூவ், 12 மி.மீ. இடைவெளியில் 3 மி.மீ. ஆழச் சைப். உள், வெளி வரிசைகளில் 8 மி.மீ. இடைவெளி, 4 மி.மீ. ஆழம். பின் டயரில் உந்துவிசை முக்கியம் என்பதால் வெட்டுகள் எல்லாம் குறுக்கே. முன் டயருக்குச் சுற்றுவாக்கில் ஓடும் வெட்டு கூடுதலாக வேண்டும். பக்கவாட்டில் கடித்துப் பிடிப்பது அந்த விளிம்புதான்.

இப்போது இந்த வெட்டுகளைப் போடும் மின்சாரச் சூட்டுக் கத்திக்கு வருவோம். பாதிச் சிக்கல் இதில்தான். டயரை ரிம்மில் ஏற்றி 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்று வைத்தால் பட்டன் விறைப்பாக நிற்கும். ஓட்டக் காற்றில் வைத்து வெட்டினால் பட்டன் அமுங்கி ஆழம் ஏறி இறங்கும். கத்தியின் சூடு சரியாக இருந்தால் மெல்லிய புகையோடு ரப்பர் ஒரே நாடாவாகச் சுருண்டு வரும். அந்த நாடாவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பக்கங்கள் வழவழப்பாக, ஒட்டாமல் இருந்தால் நல்ல வெட்டு. பிசுபிசுத்தால் கருகுகிறது, குரூவின் விளிம்பு உருகி உருண்டை கட்டி, இறுகி, மண்ணைக் கடிக்க வேண்டிய முனையே போய்விடும். குளிர்ந்த கத்தியோ தள்ளத் தள்ள வில்லாக வளையும். அடியில் ரப்பர் கிழியும், ஓட்டத்தில் அந்தக் கிழிசலிலிருந்து பட்டன் பெயரும்.

எளிதில் கவனத்துக்கு வராத ஒன்று உண்டு. கத்தி ரப்பருக்குள் இருக்கும்வரை ரப்பர் சூட்டை உறிஞ்சுகிறது. வெளியே எடுத்த கணமே சூடு தாவி ஏறும். அடுத்த வெட்டின் முதல் 1 செ.மீ. கருகுவது இதனால்தான். ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் ஸ்விட்சை விட்டுவிட்டு, அடுத்த பட்டனில் முனையை வைத்த பிறகுதான் மறுபடி அழுத்த வேண்டும். அடி வளைந்த கத்தியே நல்லது. சதுர அடியின் மூலையில் விரிசல் தொடங்கும். எவ்வளவு வெட்டினாலும் டயருக்குள் இருக்கும் நூல் அடுக்குக்கு மேல் 2, 3 மி.மீ. ரப்பர் இருந்தே ஆக வேண்டும்.

கத்தி வாங்கும்போது பெட்டியில் போட்ட எண்ணை நம்பாமல் காலிப்பரால் அளப்பது நல்லது. மலிவான கத்திகள் நாலைந்து டயருக்குள் வாய் விரிந்துவிடுகின்றன, 6 மி.மீ. குரூவ் சத்தமில்லாமல் 7 ஆகிவிடும்.

ஓட்டத்துக்குப் பின் மேல்தோலைச் சீவாமல் அடுத்த ஓட்டத்துக்கு விடக் கூடாது. 36 நம்பர் தேய்க்கும் டிஸ்க், லேசான கை, ஒரே திசை. ஒரே இடத்தில் நிறுத்தினால் டிஸ்க்கே புதிதாக ஒரு பளபளப்புத் தோலை உண்டாக்கிவிடும். வெப்பம் பார்க்க, ரப்பருக்குள் குத்தும் ஊசி வைத்த பைரோமீட்டர்தான் (வெப்பமானி) சரி: உள், நடு, வெளி மூன்று இடங்களில், வண்டி நின்ற உடனே. தொடாமல் வெப்பம் அளக்கும் லேசர் துப்பாக்கி மேல்தோலை மட்டுமே காட்டும். அந்தத் தோல் ஒரு மெதுவான சுற்றிலேயே ஆறிவிடும்.

இந்தக் கட்டிங் வழுக்கும் டிராக்குக்கு மட்டும். ஈர மண்ணில் சைப்பால் பயனில்லை. மண்ணை உதறித் தள்ள அகலக் குரூவ் வேண்டும். கருப்பாக ரப்பர் படிந்து உரசும் டிராக்கில் எவ்வளவு குறைவாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. சில பந்தயங்களில் சைப்புக்கே தடை உண்டு, விதிப் புத்தகத்தை முதலில் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது இடது பின் டயர். பாரம் குறைவு, ரப்பர் மென்மை, சூடே ஏறுவதில்லை. அங்கே 6 மி.மீ. இடைவெளி, 5 மி.மீ. ஆழம் வைத்துப் பார்க்கும் எண்ணம். அதற்கு முன் வலது டயரில் ஒரு வேலை மிச்சம்: வெளி வரிசையில் இரண்டு பட்டன்கள் ஓர விளிம்பில் பிய்ந்திருக்கின்றன. அங்கே சைப் விளிம்புவரை ஓடியிருக்கிறது. அடுத்த டயரில் ஓரத்துக்கு 5 மி.மீ. முன்னாலேயே கத்தியை நிறுத்த வேண்டும்.