நாலரை மணிப் பேருந்தும் பள்ளி மன்றங்களும்

சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். கற்பித்தலோடு அறிவியல் மன்றமோ, சுற்றுச்சூழல் மன்றமோ, இளஞ்செஞ்சிலுவைச் சங்கமோ ஏதேனும் ஒன்று ஒவ்வோர் ஆண்டும் என் பொறுப்பில் இருந்துவந்திருக்கிறது. இவற்றை நடத்திப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. ஒரு மன்றத்தில் எந்தப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை, அது கூடும் நேரமே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. பள்ளி நேரத்துக்குள் நடப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. மணி அடித்த பிறகு நடப்பது, பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கும் வீட்டில் வேலை காத்திராதவர்களுக்கும் மட்டுமே கிடைக்கிறது.

எங்கள் பள்ளியில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வருகிறார்கள். சீருடையில் இருப்பவர்களுக்குப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால், நாலரை மணி நகரப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான் வரும். ஆகவே, மாலையில் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி என்று அறிவித்தால் உள்ளூர்ப் பிள்ளைகள் பெயர் கொடுப்பார்கள். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்துக்கு ஓடுவார்கள். பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். ஆடுகளைக் கொட்டிலில் அடைப்பது, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடங்களை நிரப்பி வைப்பது, களையெடுக்கப் போன அம்மா வருவதற்குள் உலை வைப்பது என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை காத்திருக்கும். இவர்களைப் பற்றி ஆசிரியர் அறையில் "ஆர்வமில்லாத பிள்ளைகள்" என்று யாராவது சொல்லக் கேட்டால் இன்றும் எனக்கு மனம் வலிக்கிறது. ஆர்வம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கும் அளவுக்குக்கூட அவர்கள் நின்றதில்லை.

அரசின் அண்மைக்காலத் திட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது வானவில் மன்றம். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கருத்தாளர் ஒருவர் சோதனைப் பொருள்களை எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வருகிறார். பாடவேளையிலேயே நடப்பதால் யாரும் விடுபடுவதில்லை. 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாவும் பள்ளியளவில் எல்லோருக்கும் திறந்திருப்பதுதான். ஆனால், வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி மேலே செல்லச் செல்ல, 'இவன் போனால் பரிசு நிச்சயம்' என்ற கணக்கு பள்ளிகளுக்குள் நுழைந்துவிடுகிறது. பேச்சுக்கும் அதே பிள்ளை, கவிதைக்கும் அதே பிள்ளை என்று ஆகிவிட்டால் திருவிழா என்ற பெயருக்குப் பொருள் இல்லை. நாங்கள் முதலில் வகுப்பளவில் எல்லோரையும் மேடையேற்றிய பிறகே பள்ளியளவுக்குத் தேர்வு செய்கிறோம். கோயில் கொடை விழாவில் ஒயிலாட்டம் ஆடிப் பழகிய பையன்கள், பாடத்தில் எப்போதும் பின்தங்கியிருப்பவர்கள், மற்றவர்களுக்கு அடவு சொல்லிக் கொடுக்கும் ஆசான்களாக நின்றதை அப்படித்தான் பார்த்தோம்.

போட்டிகளைவிட, மாதக்கணக்கில் நீளும் பணிகளில்தான் என் நம்பிக்கை அதிகம். அவற்றில் முதன்மையானதாக நான் மதிப்பது தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993 முதல் நடந்துவரும் இந்த மாநாட்டைத் தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்து வந்திருக்கிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் கண்ணெதிரே உள்ள சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அளந்து, கேட்டு, பதிவு செய்து, ஆய்வறிக்கையாக எழுதி மாவட்ட அளவில் முன்வைக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பேசலாம் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய கதவைத் திறந்துவிடுகிறது.

ஓர் ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கண்மாயை எடுத்துக்கொண்டார்கள். மழை பெய்தும் கண்மாய் ஏன் நிரம்பவில்லை என்பதே கேள்வி. வேலை நாளாக அறிவிக்கப்படும் சனிக்கிழமைகளின் பிற்பகலையும், வாரத்தில் ஒரு நாளின் கடைசிப் பாடவேளைகளையும் தலைமையாசிரியர் எங்களுக்கு ஒதுக்கித் தந்தார். பேருந்துக்கு முன் திரும்பிவிடலாம் என்பதால், அதுவரை எந்த மன்றத்திலும் இல்லாத ஒரு பெண் குழுவில் சேர்ந்தாள். வகுப்பில் எழுப்பிக் கேட்டால் மட்டும் பேசுகிறவள், தகப்பனார் கொத்தனார்.

முதலில் மடை திறந்து வயல்களுக்கு நீர் பங்கிட்டுத் தரும் நீர்ப்பாய்ச்சியிடம் சென்றோம். கண்மாய் நிறைந்து கலுங்கு (மிகைநீர் வெளியேறும் வழி) கடைசியாக எப்போது மறுகால் பாய்ந்தது, ஆயக்கட்டில் (கண்மாயின் பாசன நிலத்தில்) முன்பு எவ்வளவு பயிரானது என்றெல்லாம் பிள்ளைகள் கேட்க, அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "சீமைக் கருவையாலதான் தண்ணி நிக்கலையா தாத்தா?" என்று ஒரு பையன் கேட்டான். "நிக்கிறது அப்புறம் தம்பி, மொதல்ல தண்ணி வந்து சேரணும்ல? வரத்துக்காலைப் போய்ப் பாருங்க" என்றார் அவர். அந்த ஒரு சொல்லில் ஆய்வின் திசையே மாறியது. கண்மாய்க்குள் வண்டல் அளக்கத் திட்டமிட்டிருந்த பிள்ளைகள், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயின் கரையோடு நடக்கத் தொடங்கினார்கள்.

கால்வாய் தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் சிறுபாலம் ஒன்று இருந்தது. பாலத்துக்கு மேற்கே தண்ணீர் தேங்கி நின்ற பாசிக்கறை இருந்தது. கிழக்கே கால்வாய் காய்ந்து கிடந்தது. பாலத்தின் தளம் கால்வாயின் தரையைவிட உயரமாக இருக்கிறது என்று பிள்ளைகள் ஊகித்தார்கள்; ஆனால், இரண்டுக்கும் நடுவே மண்மேடும் முட்புதரும் இருந்ததால் கண்ணால் பார்த்து எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை. அப்போதுதான் அந்தப் பெண், "எங்கப்பாகிட்ட டியூப் லெவல் இருக்கு டீச்சர்" என்றாள். மறுவாரம் கொண்டுவந்தாள். தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரியும் நீண்ட குழாய் அது. இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதை வைத்துத்தான் கொத்தனார்கள் சுவருக்கு மட்டம் பார்க்கிறார்கள். ஒரு முனையைப் பாலத்தின் தளத்திலும் மறுமுனையைக் கால்வாய்க்குள்ளும் அளவுகோலோடு பிடிக்கச் செய்து, இரண்டு இடத்திலும் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று குறித்தார்கள். இரண்டு அளவுக்கும் இடையிலான வேறுபாடே பாலம் எவ்வளவு உயரத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டியது. ஏறக்குறைய முழங்கால் உயரம். அந்த அளவுக்குக் கால்வாயில் தண்ணீர் பெருகினால்தான் ஒரு சொட்டாவது பாலத்தைத் தாண்டும்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'பாய்மங்கள்' என்ற பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் வரைந்து நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடத்தின் உண்மையைத் தன் வீட்டுத் திண்ணையில் சுருட்டி வைத்திருந்த பெண் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். மாவட்ட மதிப்பீட்டில் நடுவர் ஒருவர், உங்கள் அளவு சரி என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டார். எழுதிப் பழகிய பதில் எதுவும் அதற்கு இல்லை. "குழாயில காத்துக் குமிழ் நின்னுச்சுன்னா மட்டம் தப்பா காட்டும் சார். அதனால ஒவ்வொரு தடவையும் குழாயைச் சுண்டிக் குமிழை வெளியேத்திட்டுத்தான் அளந்தோம். ரெண்டு முனையையும் முதல்ல பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே மட்டம் காட்டுதான்னும் பாத்துக்கிட்டோம்" என்றாள். அளவீட்டில் பிழையைத் தவிர்ப்பது பற்றி ஆசிரியர் பயிற்சியில் நான் கேட்ட எந்த விளக்கத்தையும்விட அது தெளிவாக இருந்தது. அவர்களது ஆய்வு மாநில அளவுக்குத் தேர்வாகவில்லை. ஆனால், சனவரி 26 கிராம சபைக் கூட்டத்தில் பிள்ளைகள் அந்த அறிக்கையைப் படித்தார்கள். பாலத்தைத் தாழ்த்திக் கட்டக் கோரும் தீர்மானத்தில் அவர்கள் எடுத்த அளவும் சேர்த்து எழுதப்பட்டது. அந்தப் பெண்ணின் தகப்பனார் அன்று வேலைக்குப் போகாமல் வந்து, கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார்.

விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகளில் குறுவட்ட அளவிலிருந்து தொடங்குகின்றன. எங்கள் பெண்கள் கபடி அணிக்கு மாலைப் பயிற்சி ஒருபோதும் நிலைத்ததில்லை. உடற்கல்வி ஆசிரியர்தான் வேறு வழியைக் கண்டார். தொலைவிலுள்ள ஊர்களின் பிள்ளைகள், வேறு பேருந்து இல்லாததால், இறைவணக்கக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். மாலையைப் பறித்துக்கொள்ளும் அதே பேருந்து, காலையில் ஒரு மணி நேரத்தைத் தருகிறது. அந்த நேரத்தை ஆடுகளத்துக்கு மாற்றியதும், தூரத்து ஊர்ப் பெண்களே அணியின் முதுகெலும்பானார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கானது என்பதால், இவர்களில் பலர் வெறும் வயிற்றோடுதான் வருவார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர் அவித்த நிலக்கடலையும் வாழைப்பழமும் வாங்கித்தர ஏற்பாடு செய்தார்கள். திட்டங்களின் பட்டியலில் இடம்பெறாத இத்தகைய சிறு ஏற்பாடுதான் ஓர் அணியைக் காப்பாற்றுகிறது.

இவை அனைத்தும் பத்தாம் வகுப்பில் வந்து நின்றுவிடுகின்றன என்பதே என் தீராத மனக்குறை. முன்பு நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் சூன் மாதமே பத்தாம் வகுப்பின் உடற்கல்விப் பாடவேளைகள் கணக்குக்கும் அறிவியலுக்கும் பங்கிடப்பட்டுவிடும். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு மேலிருந்து வரும் அழுத்தத்தை நான் அறிவேன். என் பாடத்துக்கே அந்த நேரம் வந்து சேர்ந்தது. ஆனால், மூன்றாவது சிறப்பு வகுப்பில் கண் செருகி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, நாற்பது நிமிடம் வெளியே ஓடிவிட்டு வந்த பிள்ளையைவிட எதுவும் கூடுதலாக ஏறியதாக நான் கண்டதில்லை. கபடியை நிறுத்தச் சொல்லி வந்த ஒரு தாயிடம், விளையாட்டுக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில்தான் உங்கள் மகள் விளையாடுகிறாள், படிப்பு நேரத்தை அது தொடவில்லை என்று கால அட்டவணையைக் காட்டிச் சொல்ல முடிந்தபோது அவர் சமாதானமானார். அட்டவணையில் எழுதப்படாத நேரமாக இருந்திருந்தால், அந்தப் பதில் என்னிடம் இருந்திருக்காது.

இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டு பாடவேளைகள் மன்றங்களுக்கென்று அட்டவணையிலேயே எழுதப்பட்டுள்ளன. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையும் ஏதேனும் ஒரு மன்றத்தில் இருந்தாக வேண்டும். எதில் என்பது அவர்கள் விருப்பம். பத்தாம் வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வு வரை இது பொருந்தும். அதற்குப் பிறகும் அவர்களின் உடற்கல்விப் பாடவேளையை மட்டுமாவது எந்தப் பாடத்துக்கும் மாற்றக் கூடாது என்று உடற்கல்வி ஆசிரியரும் நானும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டிருக்கிறோம். பெற்றோரில் சிலர் ஒப்புக்கொண்டார்கள், சிலர் தயங்குகிறார்கள். அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டுச் சனவரியில் முடிவு செய்யலாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார்.