412ஆம் ஷாட்

அக்டோபர் 7, 2024

எங்கள் கார்ட்டூன் தொடரைத் திரைப்படமாக்குகிறோம். காலையில் ஓட்டிப் பார்த்தபோது அதன் அனிமேட்டிக், அதாவது வரைபடங்களையும் தற்காலிகக் குரலையும் கோத்த முன்வடிவம், 94 நிமிடம் வந்தது. 25ஆம் தேதி மேலிடத்தாருக்குத் திரையிடும்போது அது 82 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டு நிமிடத்தை எங்கே வெட்டுவது என்பது பெரிய கவலையில்லை. எந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் கை வைக்கவே கூடாது என்பதுதான் மனத்தை அரிக்கிறது.

மாலையில் மேலிடத்தாரின் குறிப்புகள் வந்து சேர்ந்தன. முதல் குறிப்பே, நீதிபதிக்கு அந்த நாணயம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கிறது. நான்கு பருவங்களாக இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க் வாசலில் நிற்கும் ஒரு வெண்டிங் மெஷின் தன்னை நீதிபதியாக நினைத்துக்கொள்கிறது. காசு போட்டவருக்குச் சிப்ஸ் பாக்கெட் விழுவதற்குப் பதிலாகத் தீர்ப்பு விழுகிறது. அந்த உலகத்துக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பதினோரு நிமிட அத்தியாயத்தில் ஏற்றுக்கொண்டவர்கள் எண்பது நிமிடத்துக்கு ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று யார் முடிவு செய்தது? நீதிபதிக்கு ஒரு தந்தையைக் கொடுக்கலாம் என்றும், அந்த நாணயம் அவர் தந்த கடைசி நாணயமாக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். படித்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 8

92 நிமிடம். 412ஐத் தொடவில்லை.

அக்டோபர் 10

இன்று நாள் முழுவதும் 'கேம்ப் கிரஸ்டி' நினைவாகவே இருந்தது. 1992இல் 'த சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் நான்காம் பருவத்தைத் தொடங்கிவைத்த அத்தியாயம் அது. அதன் கதையைக் கேட்ட தொடரின் தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் அதையே திரைப்படமாக எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். பதினெட்டு நிமிடத்துக்கே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும் கதையை எண்பது நிமிடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் எழுத்தாளர்கள் தரப்பிலிருந்து வந்த பதில். அது தொலைக்காட்சியிலேயே தங்கிவிட்டது. உண்மையான திரைப்படம் வருவதற்கு மேலும் பதினைந்து ஆண்டுகள், 2007 ஜூலை வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அத்தனை வெற்றிபெற்ற ஒரு தொடரே நீளத்தைப் பார்த்துப் பயந்தது என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஒரு நகைச்சுவையை ஏழு மடங்கு நீட்டினால் அது ஏழு மடங்கு சிரிப்பைத் தராது. அபத்தம் என்பது வேகத்தால் நிற்பது, பார்ப்பவர் "அது எப்படி?" என்று கேட்பதற்குள் அடுத்த அபத்தம் வந்து நின்றாக வேண்டும். நாற்பதாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி கட்டாயம் எழும். அப்போது நம் கையில் என்ன இருக்கிறது? மேலிடம் தந்தை என்கிறது. நான் வேறொன்று இருக்கிறது என்று நம்புகிறேன், ஆனால் அது என்னவென்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் இன்று என்னால் முடியாது.

அக்டோபர் 13, ஞாயிறு

'அக்வா டீன் ஹங்கர் ஃபோர்ஸ்' படத்தை மீண்டும் பார்த்தேன். 2007 ஏப்ரலில் வெளியானது. எங்கள் தொடரைப் போலவே பதினோரு நிமிட அத்தியாயங்களாக நள்ளிரவில் ஓடிக்கொண்டிருந்ததை மேட் மையெல்லாரோவும் டேவ் வில்லிஸும் திரைக்குக் கொண்டுவந்தார்கள். மில்க் ஷேக் ஒன்று, பிரெஞ்ச் ஃபிரைஸ் பொட்டலம் ஒன்று, இறைச்சி உருண்டை ஒன்று, மூன்றும் நியூ ஜெர்சியில் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்கின்றன. தலைப்பில் முக்காற்புள்ளியை வைப்பதற்குப் பதிலாக 'கோலன்' என்ற சொல்லையே எழுதி, அதன் பின் 'திரையரங்குகளுக்கான மூவி ஃபிலிம்' என்று சேர்த்திருப்பார்கள். தொடக்கத்தில் இடைவேளைத் தின்பண்ட விளம்பரம் போல ஒன்று வரும். அதை உடைத்துக்கொண்டு மாஸ்டடான் குழுவின் கனத்த மெட்டல் இசையோடு வேறு தின்பண்டங்கள் தோன்றி, திரையரங்கில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மிரட்டும். படம் தொடங்கி மூன்று நிமிடத்துக்குள், இந்தத் திரை எங்களுடையது, இங்கே எங்கள் சட்டம்தான் என்று சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு முக்கியமானது அதற்குப் பின்னால் வருவது. அந்த மூவரும் எங்கிருந்து வந்தார்கள் என்ற பூர்வ கதையைப் படம் சொல்கிறது. சொல்லி முடித்ததும் அதை மறுக்கும் இன்னொரு பூர்வ கதை வருகிறது. பிறகு அதையும் மறுத்து வேறொன்று. காரணம் கேட்டவர்களுக்குக் காரணங்களை அள்ளிக் கொட்டி, எதையுமே நிற்கவிடாமல் செய்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்த முதல் குறிப்புக்கு இதைவிடத் துணிச்சலான பதிலை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஐம்பதாவது நிமிடத்துக்குப் பிறகு எனக்குக் களைத்துவிட்டது என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். நேசிக்கிற படம்தான், ஆனால் களைப்பு உண்மை.

செலவைப் பற்றி ஒன்று. அந்தப் படத்துக்கு ஆன செலவு ஏழரை லட்சம் டாலர். அதே ஆண்டில் வந்த சிம்ப்சன்ஸ் படத்துக்கு ஏழரைக் கோடி டாலர், சரியாக நூறு மடங்கு. இரண்டு படங்களையும் உலுக்கிய கேள்வி ஒன்றுதான்.

அக்டோபர் 14

88. உறக்கமில்லை.

அக்டோபர் 16

இன்றைய கூட்டத்தில் பாட்டு வைக்கலாமா என்று கேட்டார்கள். நான் உடனே மறுக்கவில்லை, ஏனென்றால் 1999இல் வந்த 'சவுத் பார்க்' திரைப்படத்தை அறிந்த எவரும் அதை இலேசாக ஒதுக்க முடியாது. தாளை வெட்டி ஒட்டி நகர்த்திய உருவங்களாகத் தொடங்கிய ஒரு தொடர், இரண்டே ஆண்டுகளில் 81 நிமிட இசை நாடகமாகத் திரைக்கு வந்தது. பாடல் நீளத்தின் சிக்கலை எவ்வளவு நேர்மையாகத் தீர்க்கிறது என்பதை அந்தப் படத்தில் பாடம் போலப் படிக்கலாம்: ஒரு பாத்திரம் தனக்கு என்ன வேண்டும் என்பதை மூன்று நிமிடம் நின்று சொல்வதற்குப் பாடலில் உரிமை இருக்கிறது, அந்த மூன்று நிமிடமும் கதை நகர்ந்துகொண்டே இருக்கும், நகைச்சுவை நிற்க வேண்டியதும் இல்லை. கனடாவின் மீது பழிபோடும் தாய்மார்களின் பாடல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது; 2000ஆம் ஆண்டு விழா மேடையில் அதைப் பாடியவர் ராபின் வில்லியம்ஸ். தணிக்கைச் சான்றிதழுக்காக அந்தப் படத்தை எத்தனை முறை திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், எங்கள் குறிப்புகள் ஒன்றுமே இல்லை.

ஆனால் எங்கள் நீதிபதி பாட மாட்டார். அவருக்கு ஒரு குரல் இருக்கிறது, அது மோட்டாரின் முனகல். இயக்குநர் இதைச் சொன்னபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் தலையசைத்தார்கள். பாட்டு போயிற்று. தந்தை இன்னும் போகவில்லை.

அக்டோபர் 19

பதில் கிடைத்துவிட்டதென்று நினைக்கிறேன். மைக் ஜட்ஜின் 'பீவிஸ் அண்ட் பட்ஹெட் டூ அமெரிக்கா', 1996. அந்த இரண்டு பையன்களின் தொலைக்காட்சிப் பெட்டி திருடு போகிறது. அவ்வளவுதான். அதைத் தேடிப் போனவர்கள் அமெரிக்காவின் குறுக்கே பயணம் செய்து, ஒருவனுடைய கால்சட்டையில் தைத்து வைக்கப்பட்ட பேரழிவு ஆயுதத்தைச் சுமந்து, கடைசியில் குடியரசுத் தலைவரின் அறைவரை போகிறார்கள். தாங்கள் எதைச் சுமந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் ஏன் தொலைக்காட்சியை அவ்வளவு நேசிக்கிறார்கள் என்று படம் ஒரு முறைகூட விளக்கவில்லை. ஆசை சிறியது, அதை அவர்கள் கொண்டாடும் தீவிரத்துக்கு அளவில்லை, உலகம் அதைச் சுற்றிப் பெருத்துக்கொண்டே போகிறது. எங்கள் நீதிபதிக்கும் 25 சென்ட் நாணயம் வேண்டும். அதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை. திங்கட்கிழமை இதையே எழுத்தில் கொடுப்பேன்.

அக்டோபர் 20

நேற்று எழுதியதில் பாதிதான் சரி.

இரவு சிம்ப்சன்ஸ் படத்தில் ஒரே ஒரு காட்சியைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். மார்ஜ் தன் கணவனைப் பிரிந்து போகிறாள்; போவதற்குமுன் தங்கள் கல்யாண வீடியோ நாடாவின் மேலேயே தன் செய்தியைப் பதிந்துவிட்டுப் போகிறாள். அவள் பேசி முடித்ததும், அழியாமல் மிஞ்சிய கல்யாணக் காட்சி திரையில் வருகிறது. அந்தப் பேச்சை மார்ஜுக்குக் குரல் கொடுக்கும் ஜூலி காவ்னரிடமிருந்து நூறு முறைக்கு மேல் பதிவு செய்தார்களாம். குரல் உடைந்துபோகும் அளவுக்குக் களைத்திருப்பார், அந்தக் களைப்பு காதில் கேட்கிறது. பெரிய கண்ணாடிக் குவிமாடம் ஊரையே மூடிய ஒரு படத்தில், என் தொண்டையை அடைத்தது அந்த நாடாதான்.

நான் உணர்ச்சியை எதிர்க்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எதிர்ப்பது விளக்கத்தை. மார்ஜின் அழுகைக்கு அங்கே புதிய காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக நாம் பார்த்துவந்ததன்முன் கேமரா அசையாமல் நின்றது, அவ்வளவுதான்.

அக்டோபர் 22

412ஐ இன்று புதிதாக வரைந்தேன். நாணயத் துளையின் குளோசப். தொலைக்காட்சித் திரையைவிட எங்கள் படச் சட்டகம் அகலமானது என்பதால் துளையின் இரு பக்கமும் ஏராளமான வெறும் தகரம் விழுகிறது. முன்பு அதை நிரப்ப விலைப்பட்டியல் ஸ்டிக்கர், துரு, ஒரு பூச்சி என்றெல்லாம் போட்டுப் பார்த்திருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கீறல்களை மட்டும் வைத்தேன். அவசரத்தில் காசு போட்ட கைகள் துளையைத் தவறவிட்டுத் தீட்டிய கீறல்கள், பெரும்பாலும் வலப்பக்கம், ஏனென்றால் மனிதர்கள் பெரும்பாலும் வலக்கைக்காரர்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் விரல் சட்டகத்துக்குள் வந்து நாணயத்தைத் துளையின் வாயில் வைத்துவிட்டு விலகுகிறது. நாணயம் விழவில்லை, விளிம்பில் நிற்கிறது. அதுவரை படம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் முனகல் நிற்கிறது. 216 ஃபிரேம், ஒன்பது வினாடி. தொடரில் ஓர் அசையாப் படத்தை நாங்கள் இரண்டு வினாடிக்குமேல் வைத்ததே இல்லை.

தற்காலிகக் குரலில் அந்த முனகலை எடிட்டர்தான் தன் தொண்டையால் செய்திருக்கிறார். இன்று அதை நிறுத்தும் இடத்தை நான்கு முறை மாற்றினோம். ஐந்தாவது முறை நிறுத்தியதும் அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அக்டோபர் 23

தந்தையைப் பற்றி எழுத்தில் கொடுத்த பதிலுக்கு இன்னும் மறுமொழி வரவில்லை. 83 நிமிடம்.

அக்டோபர் 24

இரவு 11:40. நாளை காலை பத்து மணிக்குத் திரையிடல். 82 நிமிடம் 6 வினாடி. 412இல் ஆறு வினாடி எடுத்தால் சரியாக இருக்கும் என்று உதவியாளர் சொன்னார், கணக்கில் தவறில்லை. நான் பஸ் டிரைவர் சாலையைக் கடக்கும் ஷாட்டிலிருந்து எடுத்தேன். அந்த நடையை மூன்று வாரம் வரைந்தவள் நான்தான்.

அக்டோபர் 25

திரையிடல் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. காரணம் சொல்லவில்லை. அனிமேட்டிக்கின் பிரதியை மட்டும் இன்றே அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.