புல்லட்டுக்கு எந்த பெட்ரோல்? சிலிண்டரில் குலுக்கிப் பார்த்த அனுபவம்

மழை முடிந்து, மஞ்சக்குப்பம் ஷெட்டில் நின்ற 1986 மாடல் புல்லட்டை வெளியே எடுத்தேன். ஆம்பியர் முள்ளைப் பார்த்து நிறுத்தி ஒரே மிதி. பிடித்துக்கொண்டது! போன வருஷம் இதே சமயத்தில் கார்புரேட்டர் பௌலைக் கழற்றினால் அடியெல்லாம் வெள்ளைப் பொடி, பைலட் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் சின்ன துளை) அடைத்துப்போய்க் கிடந்தது. இந்த வருஷம் பௌல் பளிச்சென்று இருக்கிறது. நடுவில் மாற்றியதில் முக்கியமானது பெட்ரோல்தான்.

“பழைய வண்டி, ஆக்டேன் கூட இருக்கிறதாப் போடு” என்று எல்லாரும் சொல்வார்கள். பழைய 350 எஞ்சினின் கம்ப்ரஷன் இன்றைய பைக்குகளைவிட வெகு குறைவு. அதற்கு ஆக்டேன் (அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) ஒரு பிரச்சினையே இல்லை. தொல்லை கொடுப்பது எத்தனால். 2023-ல் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) விற்பனைக்கு வந்து, 2025-க்குள் ஏறக்குறைய எல்லா பெட்ரோல் பங்கிலும் அதுதான் என்றாகிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். கடலூர் மாதிரி கடலோர ஊரில், ஐப்பசி கார்த்திகையில், பாதி டேங்கோடு வண்டியை நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் அதுவும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் டேப் எடுப்பது, அதுவும் ரிசர்வில், அந்த அடியைத்தான்.

அதனால் வாங்குகிற பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று நானே அளக்க ஆரம்பித்தேன். 100 மில்லி வரை கோடு போட்ட கண்ணாடி அளவு சிலிண்டர் வேண்டும், மூடியும் கண்ணாடியாகவே இருக்கட்டும். ரப்பர் கார்க் ஊறி உப்பிவிடும். முதலில் 10 மில்லி தண்ணீர், அதில் ஒரு துளி கேசரி கலர். கலர் பெட்ரோலில் கரையாது, தண்ணீரோடுதான் இருக்கும்; கோடு தெளிவாகத் தெரியும். அதன்மேல் 100 கோடு வரை பெட்ரோல். மூடிக் குலுக்கி, மூடியை மெல்லத் திறந்து ஆவியை விட வேண்டும். மறுபடி குலுக்கிச் சமதளத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் முக்கியம். உடனே பார்த்தால் நடுவில் நுரைபோல ஒரு கலங்கல் நிற்கும், அதைப் படித்தால் கணக்கு தப்பும். கலங்கல் முழுக்க அடங்கியபின், கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, வளைவின் அடிப்பகுதியைப் படிக்கணும். எத்தனால் பெட்ரோலைவிட்டுத் தண்ணீரோடு சேர்வதால் தண்ணீர் மட்டம் ஏறும்; எனக்கு 10-லிருந்து 27-ஐத் தொட்டது. 90 மில்லி பெட்ரோலில் 17 மில்லி எத்தனால்; கிட்டத்தட்ட 19 சதவீதம். (வெளியில், காற்றோட்டத்தில், அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.)

ஆல்பேட்டை தாண்டிப் போய்ப் புதுச்சேரி பெட்ரோலையும் பார்த்தேன். விலை குறைவு, கலப்பு அதேதான். அப்புறம் 2020 டிசம்பரில் வந்த எக்ஸ்பி 100, இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல். பங்க் பையன் “பாட்டில்ல ஊத்த மாட்டோம்ணே” என்றதால், டேங்கைக் காலி செய்து அதில் நிரப்பி, வீட்டுக்கு வந்து டேப் வழியாக எடுத்தேன். குலுக்கினேன். தண்ணீர் மட்டம் 10-லேயே நின்றது. எனக்கு அன்று வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

ஆனால் விலை ரொம்பக் கூடுதல். தினமும் ஓடுகிற வண்டிக்கு இது வீண் செலவு என்பேன். தேங்காமல் எரிந்துபோகிற இ20 அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. வண்டியை நாள்கணக்கில் நிறுத்தப் போகும்போது மட்டும் எக்ஸ்பி 100 போட்டு, கழுத்துவரை நிரப்பி, கொஞ்ச தூரம் ஓட்டி, டேப்பை மூடி எஞ்சின் தானாக அணையும்வரை விட்டுவிடுகிறேன். தண்ணீரால் எத்தனாலைக் கழுவி எடுத்து மிச்ச பெட்ரோலை ஊற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஈரம் மிஞ்சும், எத்தனால் கொடுத்த ஆக்டேனும் போகும், கழுவிய தண்ணீரைக் கொட்ட இடமும் கிடையாது.

பெட்ரோல் ஓஸை எத்தனாலைத் தாங்கும் ‘விட்டான்’ (Viton) ரப்பருக்கு மாற்றியாகிவிட்டது. ‘விட்டான்’ என்று சொல்லி விற்பதெல்லாம் விட்டான் இல்லை. ஒரு துண்டு வாங்கி இ20-ல் ஊறப்போட்டுப் பார்த்த பிறகே மீதியை வாங்கினேன். டேப்பில் இருக்கும் கார்க் வாஷரும் இறுகிப்போயிருந்தது, புதிது போட்டேன்.

ஜெட் வேலை இன்னும் பாதியில் நிற்கிறது. சுத்த பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று, இ20-க்கு 13.5-ஐ ஒட்டி. அதாவது பழைய ஜெட்டிலேயே விட்டால் எரிபொருள் குறைந்து எஞ்சின் சூடேறும். ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் போட்டிருக்கிறேன், இ.சி.ஆரில் ஓட்டி, கலவை சரியா என்று பிளக் நிறம் பார்க்க வேண்டும்.

அதற்குள் மச்சானின் அம்பாசடர் வந்து நிற்கிறது. அதன் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பில் இருக்கிற டயாஃப்ரம் (பெட்ரோலைத் தள்ளும் சவ்வு) பழைய ரப்பர். சென்னை புதுப்பேட்டையில் பம்ப் ரிப்பேர் கிட் கிடைக்கிறது, என்ன ரப்பர் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு கிட்டை வாங்கி, ஓரத்தில் கொஞ்சம் வெட்டி, வெர்னியரில் தடிமன் அளந்து இ20 பாட்டிலில் போட்டிருக்கிறேன். உப்பினால் அந்த கிட் வேண்டாம், வேறு தேடணும்.