பச்சை மை

தேர்தல் வேலைக்கான ஆணை கைக்கு வந்தால் ஆசிரியர்கள் அறையில் ஒரு முனகல் கேட்கும். நானும் முனகியிருக்கிறேன். ஆணையில் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் தொகுதி என்று இருந்தால் மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். சொந்தத் தொகுதியில் நம்மைப் போடமாட்டார்கள். எனக்கு ஓட்டு பாளையங்கோட்டையில். அதனால் மூன்று தடவை ராதாபுரத்துக் கடற்கரை ஊர்களில் பூத் பார்க்கக் கொடுத்து வைத்தது.

வள்ளியூர் வரைக்கும் வாழையும் காற்றாலையும்தான். திசையன்விளை பக்கம் திரும்பினால் தேரி மணல், பனை. அப்புறம் சட்டென்று உவரி, கடல். கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று கரையோரம் பூராவும் மீனவர் ஊர்கள். பெரும்பாலும் மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடம்தான் பூத்.

முதல் தடவை போனது 1996ல். பெட்டியும் சீட்டும் இருந்த காலம். முதல் வாக்குப்பதிவு அலுவலராக, பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சத்தமாக வாசிப்பது என் வேலை. "அந்தோணி" என்று வாசித்தேன். வரிசையில் நாலு பேர் திரும்பினார்கள். அப்பா பெயரையும் சேர்த்து வாசித்தால் அதுவும் அந்தோணி. இரண்டு பேர் மிச்சம். எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்டுகள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக உதவினார்கள். "சார், இவரு வலைக்கார அந்தோணி. நீங்க வாசிச்சது மேலத்தெரு அந்தோணி, கடலுக்குப் போயிருக்காரு, பத்து மணிக்கு மேல வருவாரு." சொன்ன மாதிரியே பத்தரைக்கு வந்தார். சாரத்தில் உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. விரலில் மீன் பிசுக்கு. மை ஒட்டவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துணியால் துடைத்துவிட்டு மை வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னபோது சிரித்தவன் நான். அன்றைக்கு மத்தியானத்துக்குள் இரண்டு துணி கிழித்தோம்.

அந்தத் தொகுதியின் ஓட்டுக் கணக்கே அலாதி. 1984ல் குமரி அனந்தனை காந்தி காமராஜ் தேசிய காங்கிரஸ் சார்பில் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி. நான் முதலில் போன 1996ல் ஜெயித்தவர் அப்பாவு, தமிழ் மாநில காங்கிரஸ். 2001ல் அவரே சுயேச்சையாக நின்றார். அப்போதும் ஜெயித்தார். 2006ல் தி.மு.க.வில் நின்று மறுபடி ஜெயித்தார். மூன்று தேர்தல், மூன்று அடையாளம், ஒரே ஆள். 2011ல் தே.மு.தி.க.வின் மைக்கேல் ராயப்பன். சின்னத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறவர்கள் என்று கிராமத்து ஜனங்களைச் சொல்கிறவர்கள் ராதாபுரம் பக்கம் வந்ததில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

2016க்கு வருகிறேன். அதற்குள் நான் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆகியிருந்தேன். பதவி உயர்வு வந்ததும் முதலில் வாங்கியது ஒரு பச்சை மைப் பேனா, கெசட்டட் அதிகாரிகள் (அரசிதழில் பதிவு பெற்றவர்கள்) கையெழுத்துப் போடுகிற நிறம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தெருவில் யாருக்காவது சான்றிதழ் நகலில் அட்டெஸ்டேஷன் வேண்டுமென்றால் நேரே என் வீட்டுக்கு வருவார்கள். காபி கொடுத்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பேன்.

தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தபால் ஓட்டு. அதோடு 13ஏ என்று ஓர் உறுதிமொழிப் படிவம் வரும். ஓட்டுச்சீட்டு உள் உறையில், உறுதிமொழி தனியாக, இரண்டும் சேர்ந்து வெளி உறையில். 13ஏயில் கெசட்டட் அதிகாரி ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும். அது சரியில்லை என்றால் உள் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். எங்கள் பள்ளியில் வள்ளியூர் டீச்சர் ஒருவர் இருந்தார். ஓட்டு ராதாபுரத்தில், தேர்தல் வேலை வேறு தொகுதியில். பயிற்சி முடிந்த சாயங்காலம் படிவத்தை நீட்டினார். பச்சையில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். ஒரு நிமிஷ வேலை.

மே 19 அன்று எண்ணினார்கள். அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590, அப்பாவு 69,541. வித்தியாசம் 49. ஒரு கட்டுமரச் சங்கத்தின் கூட்டத்துக்கு வருகிற ஆட்கள் கூடக் கிடையாது. அப்புறம்தான் செய்தி வந்தது: 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியிருக்கிறார்கள். காரணம், சான்றொப்பம் இட்டவர்கள் தலைமையாசிரியர்கள்; அவர்கள் கெசட்டட் அதிகாரிகள் ஆகமாட்டார்கள் என்பது.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு பேனாவைப் பார்த்தேன்.

அப்பாவு வழக்குப் போட்டார். 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த 203 தபால் ஓட்டுகளையும் 19, 20, 21வது சுற்று ஓட்டுகளையும் திரும்ப எண்ணச் சொன்னது. இயந்திரங்கள் சென்னைக்குப் போயின. அக்டோபர் 4 அன்று நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணவும் எண்ணினார்கள். முடிவை வெளியிடுவதற்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டசபை ஆயுள் முடிகிறவரைக்கும் முடிவு வெளிவரவில்லை. 2021ல் அதே இருவரும் மறுபடி மோதினார்கள். இந்தத் தடவை அப்பாவு ஐந்தாயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்து சபாநாயகரும் ஆனார். கட்சிக்காரர்களுக்கு அதோடு கணக்கு தீர்ந்திருக்கலாம். வாத்தியார்கள் நாங்கள் பேசிக்கொண்டது வேறு. நாள் பூராவும் உட்கார்ந்து ஊர் ஓட்டையெல்லாம் பத்திரமாகப் பெட்டியில் சேர்க்கிறவன் ஓட்டு, இன்னொரு வாத்தியார் கையெழுத்தால் செல்லாமல் போகிறதென்றால்?

டீச்சரின் உறை அந்த 203ல் இருந்ததா என்று அவரும் கேட்டதில்லை, நானும் பேச்செடுத்ததில்லை. 2021 பயிற்சி வகுப்பு முடிந்ததும் 13ஏயோடு என் பக்கம் வந்தார். கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது.

"இல்ல சார், அங்க ஒரு ஆபீசர் உக்காந்திருக்காங்க. அவங்ககிட்டயே வாங்கிக்கிறேன். உங்க பேனாவை மட்டும் குடுங்க, நான் கையெழுத்துப் போடணும்."

"இது பச்சை, டீச்சர்" என்றேன். பக்கத்தில் இருந்தவரிடம் நீலப் பேனா வாங்கிக்கொண்டு வரிசைக்குப் போனார்.