ஆறிய சோறும் பெருங்குடலும்

சோறு ஆறும்போது மாவுச்சத்திலுள்ள அமைலோஸ் இழைகள் மறுபடி இறுகுகின்றன. சிறுகுடல் நொதிகளால் இந்த இறுகிய மாவுச்சத்தை எளிதில் உடைக்க முடியாது. பெருங்குடலுக்குப் போனதும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்கும். பெருங்குடல் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கினாலும் இந்த மாவுச்சத்தின் பெரும்பகுதி தங்கும். பச்சை வாழைக்காயில் இப்படிச் செரிக்காத மாவுச்சத்து இன்னும் அதிகம், ஆனால் வேகவைத்தால் கணிசமாகக் குறையும்.

தவறு நடப்பது ஆறவைப்பதில். குக்கரிலேயே மூடி வைத்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். வேகவைத்தும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் முளைத்து நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி கொதித்தாலும் போகாது. அகலத் தாம்பாளத்தில் விரல் கனத்துக்குப் பரப்பி, 1 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். பழைய சோறென்றால் லேசான புளிப்பு வாசம் சரி; நூல் விட்டால் கொட்டிவிடுங்கள்.

முதல் வாரம் ஆறிய சோறு அரை கப் போதும். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும்.